மராமத்து யார் கணக்கில்?

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாசம், விடியற்காலை ஐந்தரை மணி. துண்டும் கையுமாக பாத்ரூம் பக்கம் போனால், அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். கேஸ் கீசர் கசிகிறது!

தயவுசெய்து லைட்டைப் போடாதீர்கள். எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் தெறிக்கிற துளிப் பொறி போதும், கதை முடிந்துவிடும். சிலிண்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து 1906-க்கு போன் போடுங்கள். அந்த நாற்றம்கூட கேஸின் சொந்த நாற்றமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்கிற சரக்கைக் கம்பெனிக்காரர்கள் கலந்து அனுப்புகிறார்கள்.

சரி, உயிர் தப்பியாச்சு. அடுத்த போன் ஹவுஸ் ஓனருக்கு. அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

“சார், அதெல்லாம் குடியிருக்கிறவங்கதான் பார்த்துக்கணும்!”

எரிச்சல் வரும். ஆனால், சட்டம் பாதி அவர் பக்கம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டத்தில் ரிப்பேர்களுக்கு இரண்டு பட்டியல் இருக்கிறது. சுவர், கட்டடம், குழாய் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், அடுப்படிச் சாமான், அப்புறம் கீசர் ரிப்பேர்... இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு.

வாடகை வாங்குகிறவரா, கொடுக்கிறவரா... கசிவை அடைப்பது யார்? இந்தச் சண்டை நம் ஊரில் இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. திருச்சியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் மேற்கே, ஆடிப் பெருக்குக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோமே முக்கொம்பு, அங்கே போய் நின்று பாருங்கள்.

காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடம் கடலுக்குக் கொஞ்சம் நேர்வழி, சரிவும் ஜாஸ்தி. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பள்ளத்தைப் பார்த்துத்தான். கொள்ளிடம் ஆழமாக, காவிரியின் வாய் மணல் மேடாகிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர், யாருக்கும் உபயோகமில்லாமல் கடலுக்கு ஓடியது. சுருக்கமாகச் சொன்னால், டெல்டா என்கிற பெரிய வீட்டில் கொள்ளிடம்தான் கசிவு.

அந்த வீட்டுக்கு ஓனர் யார்? 1799-ல் சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சாவூர் நிர்வாகத்தை வாங்கிக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1801-ல் ஆற்காட்டு நவாப்பின் சீமையும் கைக்கு வந்தது. திருச்சி அதில் அடக்கம். நிலமெல்லாம் சர்க்காருடையது, விவசாயி வெறும் குடி, அவன் கட்டும் கிஸ்தி வரியில்லை, வாடகைதான் என்றே லண்டனில் வாதாடினார்கள். ஜேம்ஸ் மில் அந்தக் கட்சி. நல்லது, வாடகை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மராமத்து?

அங்கேதான் ஓனர் குணம் வெளிப்பட்டது. கிஸ்தி ஒழுங்காக வசூலானது. ஆற்றைப் பார்க்கத்தான் ஆளில்லை. வாய் தூர்ந்து, தண்ணீர் குறைந்து, வருமானமே ஆட்டம் காணும் என்ற பிறகுதான் கம்பெனி முழித்துக்கொண்டது. (நான் பி.காம். படித்தவன். தேய்மானத்துக்குப் பணம் ஒதுக்காமல் லாபம் காட்டுகிற கணக்கை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்!)

அனுப்பி வைக்கப்பட்டவர் ஆர்தர் காட்டன். சென்னை ராணுவத்தின் இன்ஜினீயர். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி? கீழே கல்லணையில் நம் ஆட்கள் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலேயே போட்டிருந்தார்கள். அந்த வித்தையை இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. கசிவு அடைபட்டது.

ஆனால், அவசரமாக அடைத்த கசிவு வேறு பக்கம் வாய் திறக்குமில்லையா? இப்போது காவிரிப் பக்கம் தண்ணீர் அதிகமாகி, அதன் படுகையை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்து, காவிரியின் வாயிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் ஊர் வாய்க்கால், ஏரிக்கரை எல்லாம் யார் கணக்கு? பழைய வழக்கப்படி, பெரிய வேலை அரசனுக்கு, சின்ன வேலை ஊராருக்கு. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும்; அதுதான் குடிமராமத்து. கம்பெனி ஆட்சியின் கடைசி வருஷமான 1858-ல் இதையும் சட்டமாக்கினார்கள். வேலைக்கு வராதவன், அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்டவேண்டும். குடி தவறினால் தண்டம் எவ்வளவு என்று கச்சிதமாக எழுதினார்கள். ஓனர் தன் பங்கைச் செய்யாவிட்டால் என்ன தண்டம்? அதை மட்டும் எழுதவில்லை!

கம்பெனி போனது, ராணி வந்தார், பிறகு நம் சொந்த சர்க்காரே வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற அதே பெயரில் தமிழக அரசு ஏரி, கால்வாய்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மறு வருஷம், 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. மேட்டூர் நிரம்பிய வருஷம். கொஞ்ச நாள் முன்னால்தான் பெருவெள்ளம் தாண்டிப் போயிருந்தது. ‘பழைய கட்டுமானம், வெள்ளம்’ என்றது அரசு. ‘மணல் அள்ளினால் எப்படி நிற்கும்?’ என்றார்கள் விவசாயிகள். மணல் மூட்டைகளை அடுக்கித் தற்காலிகமாக அடைத்துவிட்டு, பிறகு ஏறத்தாழ 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை கட்டினார்கள்.

உங்கள் பாத்ரூம் விஷயத்துக்கு வருவோம். 1858 மாதிரி இல்லை, இப்போதைய சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. வீட்டுக்காரர் தன் பட்டியலில் உள்ள ரிப்பேரைச் செய்ய மறுத்தால், நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கீசர் உங்கள் பட்டியல், குழாய் அவர் பட்டியல். கசிவது எது என்று மெக்கானிக் வந்து சொல்லட்டும். அதற்குள் அந்த வாடகை ஒப்பந்தத்தைப் பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்களேன், கீசரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று.