குழந்தைகளின் உடலியக்கமும் எல்லைக்கோடுகளின் தீர்ப்பும்

டென்மார்க், போர்ச்சுகல், எஸ்டோனியா, நார்வே ஆகிய நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்த ஐரோப்பிய இளையோர் இதய ஆய்வு 2004இல் வெளிவந்தது. நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் என்ற பரிந்துரையை ஒன்பது வயதினரில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எட்டியிருந்ததாக அது கூறியது. இங்கிலாந்தின் ஏவான் பகுதியில் பதினொரு வயதினர் 5,500க்கும் மேற்பட்டோரை அளந்து 2007இல் வெளியான ஆய்வோ, பரிந்துரையை எட்டியவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே என்றது. இரண்டுக்கும் முதன்மை ஆசிரியர் கிறிஸ் ரிடாக். இரண்டிலும் குழந்தைகள் இடுப்பில் கட்டியிருந்தது ஒரே வகை முடுக்கமானி. நாடும் வயதும் வேறு என்பதால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி வந்துவிடாது. அதன் பெரும்பகுதி ஆய்வாளர் வகுத்த எல்லைக்கோட்டிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முடுக்கமானி நிமிடங்களை அளப்பதில்லை. அது பதியும் அசைவுகளை வடிகட்டி 'எண்ணிக்கை' என்னும் அலகில் தொகுக்கிறார்கள். எத்தனை எண்ணிக்கைக்கு மேல் போனால் அது மிதமான இயக்கம் என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார். ஐரோப்பிய ஆய்வு ஒன்பது வயதினருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 என வைத்தது; ஏவான் ஆய்வு 3,600 என வைத்தது. பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட எவன்சன் குழுவினரின் 2008ஆம் ஆண்டு வரையறை 2,296. வேகநடையை ஒரு வரையறை கணக்கில் சேர்க்கும், இன்னொன்று தள்ளிவிடும்.

தரவைத் தொகுக்கும் கால அலகும் முடிவை மாற்றும். குழந்தைகளை மூன்று நொடிக்கு ஒருமுறை உற்றுநோக்கிய பெய்லி குழுவினர், தீவிர இயக்கத்தின் இடைநிலை நீளம் மூன்றே நொடி என 1995இல் காட்டினர். ஓடிப்பிடித்து விளையாடும் சிறுமி பத்து நொடி பாய்ந்து ஓடிவிட்டு, அந்த நிமிடத்தின் மீதி நேரம் நிற்கிறாள் என்று கொள்வோம். முதல் பதினைந்து நொடியில் 1,300, அடுத்த மூன்று பகுதிகளில் பத்துப் பத்தாகப் பதிவாகிறது. பதினைந்து நொடி அலகில் பார்த்தால், எவன்சன் வரையறைப்படி முதல் பகுதி தீவிர இயக்கம். நிமிட அலகில் கூட்டினால் வருவது 1,330. அது லேசான இயக்கம். ஓட்டம் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது. கருவி கட்டிய இடமும் முடிவை மாற்றும். மிதிவண்டி ஓட்டும் உழைப்பை இடுப்புக் கருவி குறைத்தே காட்டும். அதையே மணிக்கட்டில் கட்டினால் கிடைக்கும் எண்களை இடுப்பு வரையறைகளால் மதிப்பிட முடியாது.

இதனால் கருவியைக் கைவிட வேண்டியதில்லை. மூன்று நொடி ஓட்டங்களைச் சிறு பிள்ளையும் பெற்றோரும் வினாத்தாளில் நினைவுகூர்ந்து எழுத இயலாது. மேலும், ஒரே விதியில் அளந்த குழந்தைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுவது பெரிதும் நம்பத்தக்கது: சிறுவர்கள் சிறுமியரைவிடக் கூடுதலாக இயங்குகிறார்கள் என்பதில் மேற்கண்ட இரு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. எல்லைக்கோட்டைச் சார்ந்து ஆட்டம் காண்பது 'எத்தனை விழுக்காடு' என்ற தீர்ப்புதான்.

ஆனால் அரசுகளும் பள்ளிகளும் கையில் எடுப்பது அந்த விழுக்காட்டைத்தான். ஆகவே ஒவ்வொரு ஆய்வும் எல்லைக்கோடு, கால அலகு, கருவி கட்டிய இடம் மூன்றையும் முடிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகளில் முடிவுகளைத் தர வேண்டும். மூலத் தரவைப் பிறர் மறுகணக்கிடக் காத்துவைக்க வேண்டும். இவ்வகை முடுக்கமானிகளைத் தயாரிக்கும் ஆக்டிகிராஃப் நிறுவனம் தன் எண்ணிக்கைக் கணக்கீட்டு முறை 2022இல் வெளியாக வழிவிட்டது. எனவே மூலத் தரவிலிருந்து எண்ணிக்கையைப் பிறரும் கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும். இந்த விவரங்கள் இல்லாத ஒரு விழுக்காட்டை வைத்து ஒரு தலைமுறையைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவது அறிவியலாகாது.