ஆர்எக்ஸ் 100-ம் அதன் மூச்சுக்குழாயும்

  

சித்தப்பாவோட ஆர்எக்ஸ் 100 எங்க ஈக்காட்டுத்தாங்கல் வீட்டுக்கு வந்ததும் நான் பண்ணின முதல் வேலை, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிக் கடாசினதுதான். என்னா சத்தம்! தெருவே திரும்பிப் பார்த்துச்சு. மூணாம் நாள் நூறடி ரோட்டில் கத்திப்பாரா பக்கம் போறப்ப பிஸ்டன் சீஸ். பின் சக்கரம் அப்படியே லாக். பின்னாடி பஸ். 'டூ ஸ்ட்ரோக்னா கிளட்ச் மேல எப்பவும் ரெண்டு விரல் இருக்கணும்டா'ன்னு சித்தப்பா சொன்னது என் கைக்கு ஞாபகம் இருந்ததால இன்னிக்கு இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இந்த வண்டியை நம்மூரில் இறக்கியது. 98 சிசி, 11 குதிரைசக்தி. அதே வருஷம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 மைலேஜில் பேர் வாங்க, இது பிக்கப்பில் வாங்கியது.

அந்த பிக்கப்புக்கு ஒரு முக்கியக் காரணம், காற்று உள்ளே போகும் வழி. பழைய டூ ஸ்ட்ரோக்குகளில் பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸுக்குள் வரும். இறங்கும்போது அதில் கொஞ்சம் கார்புரேட்டருக்கே திரும்பி வந்துடும். இதைத் தடுக்க 1972-ல் யமஹா தன் வண்டிகளில் கொண்டுவந்ததுதான் ரீட் வால்வ். நாக்கு மாதிரி மெல்லிசான தகடு, ஒருவழிக் கதவு. உள்ளே போனது திரும்பாது. ஆக, நான் செய்ய நினைச்ச 'மாடிஃபிகேஷனை' நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஜப்பான்காரன் முடிச்சுட்டான்!

அப்போ ரேஸ்காரங்க ஏன் ஃபில்டரைக் கழட்டினாங்க? அவங்க அதோடு நிறுத்தலை. காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும்னு பெரிய மெயின் ஜெட் போட்டாங்க. பிளக்கைக் கழட்டி நிறம் பார்த்தாங்க: காபிப் பொடி நிறம்னா சரி, வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். எஞ்சினையும் அடிக்கடி பிரிச்சு மாட்டினாங்க. தெருவுக்கு வந்து சேர்ந்தது அந்த வித்தையில் பாதிதான்: கழட்டுற பாதி.

என் பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் காட்டினார், நெடுக கோடு கோடா கீறல். "தம்பி, டூ ஸ்ட்ரோக்ல காத்து கிராங்க் வழியாத்தான் மேல போகும். நம்ம ரோட்டு மண்ணு பேரிங்கையும் திங்கும், போரையும் திங்கும். சத்தம் ஏறினா ஸ்பீடு ஏறும்னு எவன் சொன்னான்?"

இன்ஜினியரிங் படிச்ச நான் வாயைத் திறக்கலை.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்னுபோச்சு. 2020-ல் பிஎஸ்-6 வந்தப்ப பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டருக்கும் டாட்டா. மிச்சமிருக்கிற வண்டிகளையாவது மூச்சுவிட விடுவோமே.

டிஸ்கி: போர் போட்டு, பெட்டியைத் திரும்ப மாட்டியாச்சு. சத்தம் கம்மி, பிக்கப் பழையபடி. சித்தப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க மக்களே!