பாடும் பண்டிகையும்: பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கான பண்டிகைச் செலவு

பண்டிகைக்காகப் பிள்ளைகளுக்கு ஏழைப் பெற்றோர் செய்யும் செலவைப் பற்றி இரண்டு கருத்துகள் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றன. வரவுக்கு மீறிய வீண்செலவு என்பது ஒன்று. பாசத்தால் செய்வதை யாரும் கேட்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் பெற்றோரின் மனத்தையே ஆராய்கின்றன. பணம் எப்போது கைக்கு வருகிறது, எப்போது தேவைப்படுகிறது, இடைப்பட்ட நாட்களில் அது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற கேள்விகளை இரண்டுமே எழுப்புவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவ ஊர்களை முன்வைத்து இக்கட்டுரை அந்தக் கேள்விகளை எழுப்புகிறது. இவ்வூர்களில் வருமானம் முறைவைத்து வருகிறது. பண்டிகையோ எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. குடும்பத்தை அழுத்தும் பாரத்தில் பெரும்பங்கு இந்தப் பொருந்தாமையிலிருந்து வருகிறது, செலவின் அளவிலிருந்து அன்று என்பதே என் வாதம்.

1. முறைவைத்து வரும் வருமானம்

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்கிறது; கடலோடு கலக்கும் தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் உள்ளது. இந்த முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் இறால் வளம் மிகுதி. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் 'பாடு' என்ற மரபு முறையால் தீர்மானித்து வந்துள்ளன. 1991-இல் உலக உணவு, வேளாண்மை நிறுவனத்துக்காக செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வு இம்முறையை உலகறியச் செய்தது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் மீனவர்களிடமும் இதற்கு நெருங்கிய உறவுடைய முறை உண்டு.

பாட்டின் அடிப்படை நியாயம் எளியது. நல்ல இடங்கள் குறைவு, உரிமையுள்ள தலைக்கட்டுகள் அதிகம். எனவே முறைவைத்தும் குலுக்கல் போட்டும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை விலகி நிற்பார். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வாய்ப்பு ஏறக்குறையச் சமம். தனியொரு நாளை எடுத்துப் பார்த்தால் சமம் இல்லை. ஒருவர் கையில் பணம் இருக்கும் நாளில் அண்டை வீட்டார் தம் முறைக்குக் காத்திருப்பார். நீரோட்டம் வலுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி வரத்து ஏறுவதும் பின் இறங்குவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

கடலுக்குப் போகும் குடும்பங்களின் நிலையும் ஏற்ற இறக்கம் உடையதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. இவற்றுக்கு மேல் புயல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் தாக்கியது. அந்த வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து பரவி, அக்கம்பக்கத்து மீனவர்களின் தொழிலைக் கெடுத்தது. கிறிஸ்துமஸுக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன.

2. ஒரே நாளில் வரும் பண்டிகை

ஏரிக்கரை மூன்று சமயத்தாரும் சேர்ந்து வாழும் இடம். மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் போகிறது. டச்சுக்காரர் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அரபு வணிகத் தொடர்போடு வளர்ந்த முஸ்லிம் குடியிருப்பும் பழமையானது. எனவே தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான், பக்ரீத் அனைத்தும் இங்கே குழந்தைகளின் பண்டிகைகள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது, பின்னர் கிறிஸ்துமஸ், ஜனவரி நடுவில் பொங்கல். தொழில் மெலிந்த மூன்று மாதத்துக்குள்ளும் அதன் வாசலிலும் இம்மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறைக் கணக்கில் நகரும் முஸ்லிம் பெருநாட்களும் சில ஆண்டுகளில் தடைக்காலத்துக்குள் விழுகின்றன. 2025-இல் பக்ரீத் ஜூன் 7 அன்று வந்தது.

இந்நாட்களில் பெற்றோர் வாங்குவது என்ன? முதலிடம் புதுத்துணிக்கு. அதன்பின் தீபாவளிக்குப் பட்டாசு, கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் நட்சத்திர விளக்கும், பெருநாளுக்குப் பிரியாணியும் பிள்ளைகள் கையில் கொடுக்கும் காசும், பொங்கலுக்குப் பெரியவர்கள் தரும் பணம். எல்லாம் தெருவுக்குத் தெரியும் பொருள்கள். புதுச்சட்டை போட்ட பிள்ளை வீட்டுக்குள் இருப்பதில்லை. காலையிலேயே கூட்டாளிகளைத் தேடி ஓடிவிடும்.

இந்த வெளித்தோற்றத்தைப் பகட்டு என்று ஒதுக்குவது தவறு. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில், தம் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கூலியாள்கூட லினன் சட்டை இல்லாமல் பொது இடத்தில் தலைகாட்டக் கூசுவார், ஆகவே அச்சட்டை அவருக்கு அத்தியாவசியப் பொருளே என்று வாதிட்டார். அமர்த்தியா சென் வறுமையைப் பற்றிய தம் ஆய்வுகளில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார்: வெட்கமின்றி நாலு பேர் முன் நிற்கும் வல்லமை எல்லா ஊரிலும் மனிதத் தேவைதான், அதற்கு வேண்டிய பொருள் மட்டுமே ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரக் குடும்பங்களை ஆராய்ந்த அலிசன் பியூ, 2009-இல் வெளிவந்த தம் நூலில் இதே உண்மையைக் குழந்தைகளிடம் கண்டார். சக பிள்ளைகளின் பேச்சில் தானும் சேர்ந்துகொள்ளும் தகுதியையே பிள்ளைகள் நாடுகிறார்கள். வருமானம் குறைந்த பெற்றோர் மற்ற செலவுகளைச் சுருக்கியாவது அந்தத் தகுதியைத் தரும் பொருளை வாங்கித் தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அழுத்தமான சான்று உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை தருகிறோம். உடையால் ஒரு பிள்ளை வகுப்பில் தாழ்ந்து தெரியக் கூடாது என்ற பொதுமுடிவு அது. பள்ளி நாட்களில் அரசு தாங்கும் அந்தச் சமத்துவத்தைப் பண்டிகை நாளில் தாயும் தந்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. சீருடையை நியாயம் என்று ஏற்றுக்கொள்ளும் நாம் புத்தாடையை வீண் என்று சொல்ல முடியாது.

3. எதிர்வாதங்கள்

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் எழுதிய கட்டுரையில், கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணித்தார். கொடுப்பவர் செலவிட்ட தொகை அளவுக்குப் பெறுபவர் அப்பொருளை மதிப்பதில்லை என்பது அவர் காட்டிய காரணம். அவர் கணக்கு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மதிப்பீட்டில் எழுந்தது. எது வேண்டும் என்று வாரக்கணக்கில் கேட்டு நச்சரிக்கும் பிள்ளைக்குத் தாய் வாங்கும் உடுப்புக்கு அது பொருந்தாது. மேலும், பண்டிகைக்கு எடுத்த துணிதான் பல வீடுகளில் அடுத்த ஓராண்டுக்குக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் உடுத்தும் நல்ல துணி.

நம் மண்ணிலிருந்தே எழுந்த எதிர்வாதம் இதைவிடக் கனமானது. சுயமரியாதை இயக்கம் தொடக்கத்திலிருந்தே பண்டிகைச் செலவைக் கடுமையாகக் கண்டித்தது. உழைத்த காசைச் சடங்கில் கரைத்துவிட்டுக் கடனாளியாக நிற்கும் குடும்பங்களின் மீதான அக்கறையே அக்கண்டனத்தின் உயிர். அந்த அக்கறையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கடனுக்குக் காரணம் செலவா, கடன் கொடுக்கும் முறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1875-இல் தக்காண விவசாயிகள் வட்டிக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவே, விவசாயியின் கடனுக்குத் திருமணமும் பண்டிகையும் காரணம் என்ற கருத்து மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்று பதிவு செய்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மிகை நம்மை விட்டு அகலவில்லை.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: இச்செலவு சிறியது அன்று. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உதய்ப்பூர்ப் பகுதியின் மிக வறிய குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் நடுத்தரமான ஒரு குடும்பம் ஆண்டுச் செலவில் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டை விழாக்களுக்கு ஒதுக்கியதைக் கண்டனர். போட்டியும் உண்மையே. ஒரு வீட்டில் விலை கூடிய உடை எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எதிர்பார்ப்பும் கூடும். ஆயினும் கருநாடகக் கிராமங்களில் பண்டிகைச் செலவை ஆராய்ந்த விஜயேந்திர ராவ், அது உறவையும் மதிப்பையும் காக்கும் முதலீடாகவும் அமைகிறது என்று காட்டியிருக்கிறார். அவசரத்துக்குக் கைமாற்றாகப் பணம் கேட்கவும், வலைக்கு ஆள் சேர்க்கவும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசவும் ஊரோடு ஒட்டியிருப்பது அவசியமான இடங்களில் விழாவிலிருந்து விலகி நிற்பதற்கும் ஒரு விலை உண்டு.

4. இடைவெளியின் விலை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிறது. முறை வர இன்னும் நாளாகும். கடல் மூடிக் கிடக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவது கடன். வடதமிழகக் கடற்கரையில் பழகிய வடிவம் தண்டல். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவது ஒரு வழக்கம்; தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரத்தையும் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதால் சராசரியாகக் கையில் இருக்கும் கடன் சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளுக்கு 1,500 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 129 விழுக்காடு. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனாலும் வாசலுக்கு வந்து உடனே பணம் தருபவர் அவர்தான். பிடித்துக்கொண்ட அந்த 1,500 ரூபாய் இன்னொரு பிள்ளையின் புத்தாடை விலை.

மற்ற வழிகளுக்கும் விலை உண்டு. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டியிருக்கும். வட்டி அங்கே விலைக்குறைப்பாக ஒளிந்திருக்கிறது. தாயின் கம்மல் அடகுக்குப் போகலாம். மாதந்தோறும் கட்டும் தீபாவளிச் சீட்டு சேமிப்புக்கு நல்ல வழிதான். ஆனால் பதிவில்லாத சீட்டு நடத்துபவர் பண்டிகை நெருங்கும்போது தலைமறைவானால் ஓராண்டுச் சேமிப்பும் போய்விடும்.

பாட்டு உரிமைக்குப் பெரும்பாலும் வெளியே நிற்கும் இருளர்களின் நிலை இன்னும் கொடியது. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் அவர்களுக்கு முறையும் இல்லை, ஈடு வைக்க நகையும் இல்லை. கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இம்மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. சிறு முன்பணமே பலரை அங்கே பிணைத்தது. ஒரே அளவு தேவை ஒரு குடும்பத்துக்கு வட்டிச் சுமையாகவும் மற்றொன்றுக்கு அடிமைத்தளையாகவும் ஆகிறதென்றால், திருத்த வேண்டியது கடனின் அமைப்பை.

5. நாளைத் திருத்துவது

இதற்கான பணம் பெருமளவு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் நம்பிக்கை தரும் செய்தி. மீன்பிடி குறைந்த காலத்துக்குக் கடல் மீனவக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் சிறப்பு உதவித்தொகை உண்டு. சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் மத்திய, மாநில அரசுகளின் 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்புகிறது. மீனவ மகளிர்க்கும் இதே அளவில் தனித்திட்டம் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்துள்ள தகுதியான குடும்பத்துக்குக் கூட்டுத்தொகை 15,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் பண்டிகையை நிறைவாக நடத்த இது போதும். தீபாவளிக்கு முன் வந்தால் தண்டலின் தேவையே மறையும். பின்னால் வந்தால் தண்டலை அடைப்பதற்குத்தான் பயன்படும்.

ஆகவே மூன்று முன்மொழிவுகள். முதலாவது, சேமிப்புத் தொகையையும் உதவித்தொகையையும் பண்டிகைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தீபாவளியா, கிறிஸ்துமஸா, ரம்ஜானா என்பதைச் சேமிப்புத் திட்டத்தில் சேரும்போதே குடும்பம் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, கடலுக்குப் போகாமல் ஏரியையே நம்பியுள்ள குடும்பங்களையும் இருளர்களையும் இப்பாதுகாப்புக்குள் முழுமையாகக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, ஊரின் பங்கு. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்துக் கணக்கு வைக்கும் திறமை மீனவ ஊர்களின் பஞ்சாயத்துகளுக்கு உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு உள்கடன் கொடுத்து வாங்கும் பயிற்சி உண்டு. இரண்டும் இணைந்து, பாடு கிடைத்த நாளில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, பண்டிகையின்போது முறை வராத வீட்டுக்குக் குறைந்த வட்டியில் கொடுக்கலாம். நல்ல இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட ஊர்களுக்கு நல்ல நாளின் பணத்தைப் பகிர்ந்துகொள்வது புதிய அறம் ஆகாது.

பெற்றோருக்குச் சிக்கனம் போதிப்பதால் இச்சிக்கல் தீராது. அவர்கள் சிக்கனத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். தீபாவளி எந்த நாளில் வரும் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. மீனவரின் சேமிப்பும் உதவித்தொகையும் வந்துசேரும் நாளையும் அரசு அவ்வாறே முன்னதாக அறிவித்து, அந்த நாளைத் தவறாமல் காக்க வேண்டும்.