சிவப்பு மையும் ஒரு கொக்குப் படமும்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி வேடந்தாங்கல் போய்வந்து பதினொரு படங்களைக் குழுவில் போட்டிருந்தாள். 'சூப்பர்', 'வேற லெவல்', கைதட்டும் பொம்மை என்று வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இரவு தனியாக ஒரு செய்தி வந்தது. "சார், சூப்பர்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. பரீட்சைப் பேப்பர்ல சிவப்பு மையில எழுதுவீங்களே, அப்படி ஏதாவது சொல்லுங்க."

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு புகைப்பட வரலாறு கொஞ்சம் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அதில் நான்கு பேரின் கதை ஒரு சங்கிலிபோல் வருகிறது. அதைச் சொல்லிவிட்டு அவளுக்குப் பதில் சொல்கிறேன்.

முதல் ஆள் பீட்டர் ஹென்றி எமர்சன். இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர், அதை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவர். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி நீர்நிலைகளையும், அங்கே நாணல் அறுப்பவர்களையும் படமெடுத்து 1886-இல் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் பல நெகட்டிவ்களை ஒட்டிச் சேர்த்து ஓவியம்போல் ஒரே படம் செய்வது பெரிய கலையாகப் பேசப்பட்டது. எமர்சனுக்கு அது அறவே பிடிக்காது. இயற்கையை நேரில் பார்த்து எடு என்பது அவர் கட்சி. வாய் கொஞ்சம் கடுமையான மனிதர்.

1887-இல் லண்டன் பத்திரிகை ஒன்று, விடுமுறையில் எடுத்த படங்களுக்குப் போட்டி வைத்தது. எமர்சன்தான் நடுவர். முதல் பரிசை, பெர்லினில் படித்துக்கொண்டிருந்த 23 வயது அமெரிக்க மாணவனுக்குக் கொடுத்தார். இத்தாலியில் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் எதையோ கேட்டுச் சிரிக்கும் படம். வந்தவற்றில் செயற்கையில்லாமல், தானாக அமைந்த படம் இது ஒன்றுதான் என்று காரணமும் சொன்னார். ஒரு வெள்ளிப் பதக்கம், இரண்டு கினி பணம். அந்த மாணவன்தான் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். பரிசைவிட அந்தக் காரணம்தான் அவனுக்குப் பெரிதாக உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். தன்னிடம் எது நன்றாக வருகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா?

ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க் திரும்பினார். 1893 பிப்ரவரி 22. பனிப்புயல். ஐந்தாம் அவென்யூ தெருவில், கையில் பிடிக்கும் சின்னக் கேமராவோடு மூன்று மணி நேரம் நின்றார். பனிக்குள் ஒரு குதிரைவண்டி வருகிற ஒரு நொடிக்காக. எடுத்த நெகட்டிவைச் சங்கத்து நண்பர்களிடம் காட்டினார். சிரித்தார்கள். மங்கலாக இருக்கிறது, தூக்கிப்போடு என்றார்கள். தனக்கு வேண்டியது இதேதான் என்று சொல்லிவிட்டு, அவர் அதைப் பெரிதாக்கி, தேவையில்லாத ஓரங்களை வெட்டி அச்செடுத்தார். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் படம் அது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடி வாங்கிய அதே ஸ்டீக்லிட்ஸ் பிறகு விமர்சகராகிறார். ஐந்தாம் அவென்யூவில் '291' என்ற பெயரில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் நடத்தினார். அங்கே பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர் தன் படங்களைக் கொண்டுபோவார். அப்போது எல்லாவற்றையும் மென்மையாக, புகைபடிந்ததுபோல் காட்டும் லென்ஸ் ஒன்று நாகரிகமாக இருந்தது. ஸ்ட்ராண்டும் அதைத்தான் பயன்படுத்தினார். ஸ்டீக்லிட்ஸ் 'நன்றாக இல்லை' என்று முடித்துவிடவில்லை. இந்த லென்ஸில் புல்லும், தண்ணீரும், மரப்பட்டையும் ஒரே பொருளால் செய்ததுபோல் ஆகிவிடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் உள்ள தனித்தன்மை போய்விடுகிறது என்று விளக்கினார். குறை, காரணம் இரண்டும் அதில் இருந்தன. ஸ்ட்ராண்ட் போனார், மாற்றினார், புதுப் படங்களோடு திரும்பி வந்தார். 1916-இல் ஸ்டீக்லிட்ஸ் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். தான் நடத்திய 'கேமரா வொர்க்' பத்திரிகையின் கடைசி இதழையும் 1917-இல் ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தார்.

நான்காமவர் ஆன்சல் ஆடம்ஸ். பியானோ கலைஞராக வேண்டும் என்றிருந்தவர். 1930-இல் ஸ்ட்ராண்டைச் சந்தித்து அவருடைய நெகட்டிவ்களைப் பார்த்த பிறகு, புகைப்படமே வாழ்க்கை என்று முடிவுசெய்தார். 1933-இல் படப்பெட்டியோடு ஸ்டீக்லிட்ஸைத் தேடி நியூயார்க் போனார். அறையில் ஒரே நாற்காலி, அதில் பெரியவர். ஆடம்ஸ் சுவரோரம் இருந்த வெந்நீர்க் கணப்பின்மேல் உட்கார்ந்தார். பெரியவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார், கட்டி வைத்தார். பிறகு மறுபடி அவிழ்த்து முதலிலிருந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முறை பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து மனதாரப் பாராட்டினார். 1936-இல் ஆடம்ஸின் படங்களுக்குத் தனிக் கண்காட்சியும் வைத்தார். அதே ஆடம்ஸின் மலைப் படங்கள், கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் பகுதியைக் காக்க வேண்டும் என்று வாஷிங்டனில் வாதாட உதவின. 1940-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

இப்போது என் கதை. 1996 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன் மாமாவின் கேமராவை வாங்கி, மழையில் எங்கள் ஊர்க் கண்மாயைப் படமெடுத்துக்கொண்டு வந்தான். ஒரு ரோலில் 36 படம்தான், கழுவக் காசு. அதில் ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு, நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். தண்ணீரிலிருந்து கொக்கு ஒன்று எழும்பியிருந்தது. இறக்கை மங்கல். நான் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது கொக்கா, கோணிப்பையாடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பிறகு ஒரு படம்கூட என்னிடம் கொண்டுவரவில்லை.

அந்த மழைக்குள் அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று நான் கேட்கவேயில்லை. இறக்கை மங்கினால்தான் கொக்கு பறக்கிறது என்று தெரியும். அது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது.

சரி, வேடந்தாங்கல் மாணவிக்கு என் பதில். பதினொன்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன், அம்மா.

ஏழாவது படம் உன்னுடையது. நாரை கூட்டில் இறங்கும்போது குஞ்சு வாயைத் திறக்கிறதே, அதற்கு நீ காத்திருந்திருக்கிறாய். மற்ற பத்தும் யார் போனாலும் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் கரை சரியாக நடுவில் ஓடுகிறது. நீ காட்ட வந்தது வானத்தையா, தண்ணீரையா? ஒன்றை முடிவுசெய்து அதற்கு அதிக இடம் கொடு.

ஒன்பதாவதில் செயலியை வைத்து நிறத்தை ஏற்றியிருக்கிறாய். மரம், கரைப்புல், பாசி எல்லாம் ஒரே கிளிப்பச்சை. ஸ்ட்ராண்டுக்குச் சொன்னதுதான் உனக்கும். நிறத்தை ஏற்றாத மூலப்படம் இருந்தால் அனுப்பு.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, காலை முழுவதும் அங்கேயே இரு.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொல்வது தவறென்று பட்டால், ஸ்டீக்லிட்ஸ் மாதிரி உன் வழியில் போ.

கொக்குப் படம் எடுத்த தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்துப் போடுகிறாய். அன்றைக்கு நான் படத்தைப் பார்க்காமலே பேசிவிட்டேன். மன்னித்துக்கொள். அந்தப் படம் இன்னும் உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்புடா. இரண்டு முறை பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்