'எக்ஸ்ட்ரா மைல்' எது?

ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஐ புல் மை வெயிட்' என்று எழுதும் ஊழியர், கூடுதலாக உழைத்ததாகச் சொல்லவில்லை. தம் பங்கு வேலையைக் குறையின்றிச் செய்ததாகவே சொல்கிறார். சக ஊழியரிடம் 'புல் யுவர் வெயிட்' என்றாலோ அது கண்டிப்பு.

கடமையைத் தாண்டி விரும்பிச் செய்வதற்கு 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' பொருந்தும். மத்தேயு நற்செய்தி 5:41-இல், ஒரு மைல் வரக் கட்டாயப்படுத்துபவருடன் இரண்டு மைல் செல்லும்படி இயேசு கூறுவதிலிருந்து வந்த தொடர் இது. முதல் மைல் கட்டாயம். இரண்டாவது சொந்த விருப்பம். மேலாளர் உத்தரவிட்டுச் செய்த ஓவர்டைம் முதல் மைலில்தான் சேரும்.

இரவு நெடுநேரம் கண்விழித்து உழைப்பது 'பர்ன் தி மிட்நைட் ஆயில்'. எண்ணெய் விளக்குக் காலத்துச் சொல். 'பர்ன் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்' அதைப்போல ஒலித்தாலும் பாராட்டல்ல. ஓய்வின்றி உடலைக் கெடுத்துக்கொள்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நேர்காணலில் பெருமையாகச் சொல்லிவைத்தால் வம்பு.