தொண்டைமான் மரபின் தொடக்கம்

சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதி, புதுக்கோட்டைப் பகுதியை ஆண்டு வந்த பல்லவராயரை நீக்கிவிட்டு, தம் துணைவியார் காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான இரகுநாதராயத் தொண்டைமானை அங்கே அமர்த்தினார். 1686இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் அவ்வாட்சி, 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை நீடித்தது. இக்குடும்பம் எங்கிருந்து வந்தது?

அரசவை தந்த விடை, 'தொண்டைமான் வமிசாவளி' என்னும் தெலுங்குக் கவிதை நூலில் இருக்கிறது. அது மரபின் வேரை இந்திரனிடமே கொண்டு சேர்க்கிறது. பச்சைத் தொண்டைமானை முதல்வராகக் காட்டுகிறது. முன்னோர் தொண்டை மண்டலத்தின் திருப்பதிப் பகுதியிலிருந்து விசயநகரப் படைகளோடு தெற்கே வந்து கறம்பக்குடி, அம்புக்கோயில் பகுதிகளில் குடியேறினர் என்பதும், விசயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கர் 'ராய' பட்டம் அளித்தார் என்பதும் இம்மரபைப் பற்றி வழங்கும் செய்திகள்.

இந்திரனை விட்டுவிடுவோம். திருப்பதியை அப்படி எளிதில் விட்டுவிட முடியாது. அதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது பெயரைத்தான்: தொண்டைமான் என்றால் தொண்டை நாட்டவர் அல்லவா என்பர். இங்கிலாந்தின் நார்மன் பிரபுக்களைப் பொறுத்தவரை இம்முறை பெரிதும் பயன்படும். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் காணப்படும் ரோஜர் மான்ட்கோமரியின் பெயரைப் பற்றிக்கொண்டு போனால், நார்மண்டியில் அதே பெயருள்ள ஊருக்கே போய்ச் சேரலாம். அங்கே பெயர் என்பது பிறந்த மண்ணின் முகவரி.

இங்கே நிலை வேறு. 'தொண்டைமான்' என்பது பட்டமாகவும் வழங்கிய சொல். முதற் குலோத்துங்கனின் (1070–1120) கலிங்கப் போரை வென்ற கருணாகரத் தொண்டைமான் சோழநாட்டு வண்டைக்கு உரியவர். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அறந்தாங்கியிலும் இரகுநாதருக்கு முன்பே, விசயநகரக் காலத்தில், தொண்டைமான்கள் என்ற தலைவர்கள் இருந்தனர். ஆகவே 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் அப்பெயரைத் தாங்குவதற்கு அவர் திருப்பதியிலிருந்து வந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அறந்தாங்கியாரோடு உறவு சொல்வதற்கும் பெயர் ஒன்று மட்டும் போதாது.

அரபு மொழி கற்றோருக்கு இச்சிக்கல் புதிதன்று. நசபுக் கலையில் ஹிஷாம் இப்னுல் கல்பீயும் இப்னு ஹஸ்மும் பெருநூல்கள் தந்தனர். ஆனால் 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், வமிசம் என்பது பெரும்பாலும் மனத்தில் நிற்கும் கருத்தே, அதன் பயன் மக்களை ஒன்றாகப் பிணைப்பதில்தான் இருக்கிறது என்றார். தொண்டைமான் வமிசாவளிக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது. கள்ளர் குலத்தில் எழுந்த ஒரு புதிய அரசு, சேதுபதியும் நாயக்கரும் மராத்தியரும் சூழ்ந்திருந்த காலத்தில், விசயநகரப் பேரரசோடும் திருப்பதியோடும் தன்னைப் பிணைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. (நம் குடும்பங்களில் அரபுநாடு வரை நீளும் ஷஜராக்களையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நேர்மை. அவற்றுள் சில தேறும், பல தேறா.)

அப்படியானால் எதை நம்புவது? உறவுமுறையை நம்பலாம் என்பது என் கருத்து. நிகோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு, புதுக்கோட்டைக் கள்ளர் சமூகம் நாடுகளாகப் பிரிந்திருந்ததையும், கொள்வினை கொடுப்பினை அந்த எல்லைகளுக்குள் அமைந்ததையும் விரிவாகக் காட்டியது. அரச குடும்பம் அம்புநாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டினர் குப்பங்கள் என்ற பிரிவுகளாக வாழ்ந்து, தமக்குள் மண உறவும் கோயில் மரியாதையும் கொண்டிருந்தனர். வந்தேறிய குடும்பமொன்று இத்தகைய கட்டுக்கோப்புக்குள் இடம்பெறவே முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஓரிரு தலைமுறைகளில் அதன் தலைமையையே அடைவது எளிதன்று. எனவே, மிகப் பழைய முன்னோர் எங்கிருந்து வந்திருந்தாலும், 1686இல் அரசரானவரின் குடும்பம் அம்புநாட்டு மண்ணில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது என்று கொள்வதே பொருந்தும். புலவர் தெலுங்கில் தேடிய ஊர், புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு நாள் நடைத் தொலைவில்தான் இருந்தது.