புழலில் பிறந்தால் போதாதா?

புழல் என்றதும் ஏரியும் சிறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது.

குடியுரிமைச் சட்டத்தை என்னைப் போன்ற புரோகிராமர் படித்தால், தேதிகளை வைத்து எழுதிய நிபந்தனை வரிசையாகத்தான் தெரியும். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பர் 3-லிருந்து அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, ஒரே முகாமில் பிறந்த அண்ணன் இந்தியன், தம்பி அகதி என்றாகலாம்.

2019 திருத்தம் மதத்தையும் சேர்த்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும் வழி. பட்டியலில் முஸ்லிம்களும் இல்லை, இலங்கையும் இல்லை. 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் முஸ்லிம் பெண்கள் இரவும் பகலுமாக உட்கார்ந்தது இந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான்.

‘இலங்கையையும் சேருங்கள்’ என்று மட்டும் கேட்டால் காவாங்கரையின் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வழி பிறக்கும். இலங்கை முஸ்லிமுக்குப் பிறக்காது. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக விரட்டியது அந்த முஸ்லிம்களைத்தானே?

பட்டியலை நீட்டினால் போதாது. இந்த மண்ணில் பிறந்ததே மறுபடி அளவுகோலாகணும்.